கார் இல்லாம, கம்மி செலவுல ஒரு வாரம் ஆல்ப்ஸ்: தெற்கு டிரோல் போறவங்களுக்கான வழிகாட்டி

ஆல்ப்ஸ்னு ஆரம்பிச்சாலே நம்ம ஆளுங்க சுவிஸ்னுதான் முடிப்பாங்க. சுவிஸ் அழகுதான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அங்க ஒரு ஆளுக்கு எட்டு நாள் ரயில் பாஸ் மட்டும் 2025 விலைப்படி ரெண்டாம் வகுப்புல 419 ஃபிராங்க், அதை வாங்கினதுக்கு அப்புறமும் யுங்ஃப்ராவ்யோக் மாதிரி பெரிய இடத்துக்கு தனியா காசு கட்டணும். நாங்க ரெண்டு பேர், கூட அம்மா. இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்ததுக்கு அப்புறம்தான் வேற பக்கம் தேட ஆரம்பிச்சோம். அப்படிக் கிடைச்சதுதான் இத்தாலியோட வடக்கு ஓரத்துல ஆஸ்திரியா எல்லையை ஒட்டி இருக்குற தெற்கு டிரோல் மாகாணம். டோலமைட் மலைங்கள்ல பெரிய பங்கு இங்கதான் இருக்கு. இங்க நீங்க தங்குற வீடோ ஹோட்டலோ கெஸ்ட் பாஸ் திட்டத்துல சேந்திருந்தா, தங்குற நாள் முழுக்க மாகாணத்துக்குள்ள பஸ், உள்ளூர் ரயில், கொஞ்சம் கேபிள் கார் எல்லாமே அந்த பாஸ்லயே போயிடலாம், தனியா டிக்கெட் கிடையாது.

விஷயம் என்னன்னா இந்த விவரமெல்லாம் ஒரே இடத்துல கிடைக்காது. பாதி ஜெர்மன்ல இருக்கும், பாதி இத்தாலியன்ல இருக்கும், விசா விவரம் வேற எங்கயோ இருக்கும், நம்ம ஊர் டிராவல் ஏஜென்ட்டுங்களுக்கு பேக்கேஜ் டூரை விட்டா இது தெரியாது. ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒவ்வொண்ணா தேடி எடுத்ததை வரிசையா எழுதறேன், அடுத்து போறவங்களுக்காவது இந்த அலைச்சல் வேணாம்.

1. முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க

ஜூன் பாதியில இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும்தான் நடக்கறதுக்கு சரியான காலம். அதுக்கு முன்னாடி போனா மேல பாதையில பனி இருக்கும், நவம்பர்ல போனா கேபிள் கார் பாதி மெயின்டனன்ஸ்ல மூடி இருக்கும், மலைக் குடில்களும் மூடிடுவாங்க. ஆகஸ்ட்டை, அதுலயும் ஆகஸ்ட் 15 சுத்தி இருக்குற ரெண்டு வாரத்தை தவிர்த்துடுங்க, மொத்த இத்தாலியும் லீவுல மலைக்கு வர்ற நேரம் அது, ரூம் விலையும் உச்சத்துல இருக்கும், பஸ்ல நிக்கவும் இடம் இருக்காது.

பட்ஜெட்தான் முக்கியம்னா செப்டம்பர் ரெண்டாவது வாரத்துக்கு மேல போங்க. வானம் தெளிவா இருக்கும், மத்தியானம் இடி மழை குறையும், ரூம் விலை இறங்கும். ஸ்கூல் பசங்க இருக்குறவங்களுக்கு நம்ம ஊர் மே லீவு தோதா தெரியும், ஆனா மே மாசம் டோலமைட்டுக்கு சரிப்படாது, மேல எதுவுமே திறந்திருக்காது.

2. ரூமையும் பாஸையும் சேத்து தேடுங்க, தனித்தனியா தேடாதீங்க

இந்த மொத்த கட்டுரையில ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கணும்னா இதைப் படிங்க. எல்லாரும் முதல்ல விலை கம்மியான ரூமை புக் பண்ணிட்டு அப்புறம் போக்குவரத்தைப் பத்தி யோசிப்பாங்க. இங்க அதை மாத்திப் பண்ணணும். சவுத் டிரோல் கெஸ்ட் பாஸை நீங்க கடையில காசு குடுத்து வாங்க முடியாது, திட்டத்துல சேந்த இடத்துல தங்கினா மட்டும்தான் வரும். எல்லா இடமும் அதுல சேந்தது இல்ல. ரெண்டு ரூம், ஒண்ணு ராத்திரிக்கு 5 யூரோ கம்மி, ஆனா பாஸ் கிடையாதுன்னா, அந்த 5 யூரோ லாபம் முதல் நாள் பஸ்லயே போயிடும்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களுக்கு ரெண்டே கேள்வி மெசேஜ் அனுப்புங்க. கெஸ்ட் பாஸ் தருவீங்களா? வந்து சேர்ற நாளே யூஸ் பண்ற மாதிரி முன்னாடியே மொபைலுக்கு அனுப்புவீங்களா? பாஸ் இப்ப டிஜிட்டலா வருது, நிறைய பேர் ஆன்லைன் செக்கின் முடிச்சதும் அனுப்பிடறாங்க. முன்னாடியே கைக்கு வந்துட்டா எல்லையில பிரென்னர் ஸ்டேஷன்ல இருந்தே உள்ளூர் ரயிலுக்கு அது செல்லும்.

எந்த ஊர்ல தங்கறது? ஓர்த்திசேய், கொர்வாரா மாதிரி மலைக்குள்ள இருக்குற ஊருங்க படத்துல இருக்குற மாதிரியே இருக்கும், விலையும் அப்படித்தான். காரில்லாத ஆளுக்கு ரயில் ஸ்டேஷன் இருக்குற ஊர்தான் நல்லது. மூணு சாய்ஸ் சொல்றேன்.

பிரிக்ஸன்: என்னோட ஓட்டு இதுக்குத்தான். பிரென்னர் மெயின் லைன்லயே இருக்கு, மியூனிக்ல இருந்து வர்ற ரயில் நேரா நிக்கும், போல்சானோவுக்கு உள்ளூர் ரயில்ல அரை மணி நேரம். ஊரும் சின்னது, நடந்தே சுத்தலாம். இங்க தங்கறவங்களுக்கு பிரிக்ஸன் கார்டுன்னு தர்றாங்க, போக்குவரத்தோட சேத்து பிளோஸே மலை கேபிள் காரும் அக்வாரேனா நீச்சல் குளமும் அதுல வரும்.

போல்சானோ: மாகாணத் தலைநகர், எல்லா பஸ்ஸும் இங்கதான் வந்து சேரும், ஹாஸ்டல் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, தனியா போறவங்களுக்கு வசதி. ஆனா சுத்தி மலை, நடுவுல குழி, ஜூலை ஆகஸ்ட்ல நல்லா வேகும், ஏசி இல்லாத ரூம்னா கஷ்டம்.

டோப்ளாக்: மூணு சிகரம் பக்கத்துல பக்கத்துல நிக்கற ட்ரை ட்சினன் மலைதான் கனவுன்னா இது. மத்த இடங்களுக்கு கொஞ்சம் தூரம்.

மூணுல எதுவானாலும் ஒரே ஊர்லயே வாரம் முழுக்க தங்குங்க. ஊர் மாத்திக்கிட்டே இருந்தா பெட்டியைத் தூக்கிட்டு பாதி நாள் போயிடும், செக்கவுட்டுக்கும் செக்கின்னுக்கும் நடுவுல தெருவுல நிக்கணும். சமையல்கட்டு இருக்குற அப்பார்ட்மென்ட்டா எடுங்க. பல இடத்துல சனிக்கிழமை டு சனிக்கிழமைதான் தருவாங்க, ஃபிளைட் தேதியை அதுக்கு ஏத்த மாதிரி வைங்க.

ஊர் பேர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. இங்க ஒவ்வொரு ஊருக்கும் ஜெர்மன் பேர் ஒண்ணு, இத்தாலியன் பேர் ஒண்ணு. பிரிக்ஸன்தான் பிரெஸ்ஸனோனே, போட்சன்தான் போல்சானோ, டோப்ளாக்தான் டோப்பியாக்கோ. ஜெர்மன் ரயில் சைட்ல ஒரு பேரும் இத்தாலி ரயில் சைட்ல இன்னொரு பேரும் வரும், விசா பேப்பர்ல எழுதும்போது ஒரே பேரை எல்லா இடத்துலயும் எழுதுங்க, இல்லன்னா பாக்கறவங்களுக்கு ரெண்டு ஊர் மாதிரி தெரியும்.

3. விசா: எந்த நாட்டுக்கு அப்ளை பண்றதுங்கறதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க

மியூனிக்ல இறங்கறோம், அதனால ஜெர்மனி விசான்னு நினைக்காதீங்க. அதிக நாள் எந்த நாட்டுல தங்கறீங்களோ அந்த நாட்டுலதான் ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒண்ணா செல்லுற விசா) அப்ளை பண்ணணும். ஏழு ராத்திரி தெற்கு டிரோல்னா அது இத்தாலி விசா. எந்த ஏர்போர்ட்ல இறங்கினாலும் சரி. ரெண்டு நாட்டுல சரி சமமா தங்கினா மட்டும்தான் முதல்ல நுழையற நாடு கணக்குக்கு வரும்.

பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியில இருந்து அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 15 நாளாவது முன்னாடி குடுக்கணும். முடிவு வர சாதாரணமா 15 நாள், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். கோடை சீசனுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரும்பாடு, அதனால மூணு நாலு மாசம் முன்னாடியே ஸ்லாட் பாக்க ஆரம்பிங்க. அப்ளிகேஷன் வாங்கறது வி.எஃப்.எஸ் மையம், முடிவெடுக்கறது தூதரகம். கவுன்ட்டர்ல இருக்குறவங்க சொல்றதை விசா கிடைச்ச மாதிரியோ கிடைக்காத மாதிரியோ எடுத்துக்காதீங்க.

ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12 வயசுக்குள்ள 45, ஆறு வயசுக்குக் கீழ இல்ல. இது 2024 ஜூன்ல இருந்து இருக்குற ரேட். இதுக்கு மேல மையத்தோட சர்வீஸ் சார்ஜ் தனி. எஸ்எம்எஸ், லவுஞ்ச், கூரியர்னு கவுன்ட்டர்ல ஒவ்வொண்ணா சேக்கப் பாப்பாங்க, அதெல்லாம் கட்டாயம் இல்ல, வேணாம்னு சொல்லலாம்.

எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்ஸ்:

பாஸ்போர்ட். கடந்த 10 வருஷத்துக்குள்ள குடுத்ததா இருக்கணும், ஷெங்கனை விட்டு வெளிய வர்ற தேதிக்கு அப்புறம் 3 மாசமாவது செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். பழைய பாஸ்போர்ட் இருந்தா அதையும் எடுத்துட்டு போங்க. போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளை பின்னணி. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இன்கம் டாக்ஸ் ரிட்டர்னும் எத்தனை மாசத்துக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு நீங்க அப்ளை பண்ற சமயத்துல இருக்குற செக்லிஸ்ட்டைப் பாத்து எடுங்க. வேலைக்குப் போறவங்களுக்கு சேலரி ஸ்லிப்பும் லீவு சாங்ஷன் லெட்டரும், சொந்தத் தொழில்னா ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர். டிராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ், ஷெங்கன் நாடு எல்லாத்துக்கும் செல்லணும். அம்மா அப்பா செலவை நீங்க பாத்துக்கறீங்கன்னா ஸ்பான்சர் லெட்டர், உறவைக் காட்டுற சான்று, அதோட உங்க பேங்க் பேப்பரும் அவங்க ஃபைல்ல தனியா ஒரு செட் வைங்க. குடும்பமா போனாலும் ஒவ்வொருத்தர் ஃபைலும் தனியாதான் பாப்பாங்க.

அப்ளிகேஷனுக்கு முந்தின வாரம் அக்கவுன்ட்ல திடீர்னு ரெண்டு லட்சம் வந்து விழுந்தா அது உதவாது, சந்தேகம்தான் வரும். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சு போட்டதா இருந்தா அந்த ரசீதையும் சேத்து வைங்க.

நாள்வாரியா பிளான் எழுதும்போது, கார் வாடகைக்கு எடுக்கலைங்கறதால ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போறீங்கன்னு ஒவ்வொரு நாளுக்கும் எழுதுங்க. "மியூனிக் ஈஸ்ட் ஸ்டேஷன்ல இருந்து பிரிக்ஸன், நேரடி ரயில்" அப்படின்னு ஒரு வரி போதும். ஒரே ஊர்ல தங்கறது இங்கயும் கை குடுக்கும், ஏழு ராத்திரிக்கு ஒரே ஒரு ஹோட்டல் புக்கிங், ஃபைல் சுத்தமா இருக்கும். அந்த புக்கிங் ஃப்ரீ கேன்சலேஷனோட இருக்கட்டும். விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடி ரீஃபண்ட் இல்லாத ஃபிளைட் டிக்கெட்டோ ரயில் டிக்கெட்டோ எடுக்காதீங்க, ஏஜென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

4. போய்ச் சேர்றது

நம்ம பக்கத்துல இருந்து போறவங்களுக்கு மூணு ஏர்போர்ட் சரிப்படும்: மியூனிக், மிலன், வெரோனா. மூணையும் போட்டுப் பாத்து எது கம்மியோ அதை எடுங்க, ஆனா ஃபிளைட் விலையோட ரயில் விலையையும் கூட்டிப் பாருங்க.

மியூனிக் வழியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல வெரோனா பக்கம் போற யூரோசிட்டி ரயில் இருக்கு, போல்சானோவுக்கு சுமார் நாலு மணி நேரம், பிரிக்ஸன் அதுக்கு அரை மணி முன்னாடியே வந்துடும். இன்ஸ்ப்ரூக் தாண்டி பிரென்னர் ஏறும்போது ஜன்னலை விட்டு கண்ணை எடுக்க மாட்டீங்க. ஏர்போர்ட்ல இருந்து சிட்டி சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் போகத் தேவையில்ல, எஸ்8 லோக்கல் ரயில் மியூனிக் ஈஸ்ட்லயே நிக்கும், யூரோசிட்டியும் அங்க நிக்கும், அங்கயே மாறிக்கலாம்.

இந்த ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே, ஆஸ்திரிய ரயில்வே ரெண்டு பேருமே டிக்கெட் விக்கறாங்க. ரெண்டு சைட்லயும் போட்டுப் பாருங்க, ஒரே ரயில், ஒரே நாள், விலை வேற வேறயா இருக்கும். முன்னாடியே எடுத்தா ஆளுக்கு 30 யூரோவை ஒட்டிக் கிடைக்கலாம், கடைசி நேரத்துல அது ரெண்டு மூணு மடங்கு.

இங்கதான் பெரிய கண்ணி. இந்த மலிவு டிக்கெட் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஃபிளைட் லேட்டாச்சுன்னா டிக்கெட் போச்சு, தனித்தனியா வாங்கினதுக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. அதோட 2025 அக்டோபர் 12ல இருந்து ஷெங்கன் எல்லையில கைரேகையும் போட்டோவும் எடுத்து பதிவு பண்ற புது முறை வந்திருக்கு, முதல் தடவை போறவங்களுக்கு இமிக்ரேஷன் வரிசை நீளமாகும். ஃபிளைட் இறங்கற நேரத்துக்கும் ரயில் கிளம்பற நேரத்துக்கும் நடுவுல மூணு மணி நேரத்துக்குக் குறையாம வைங்க. காலையில இறங்கற ஃபிளைட்னா மத்தியான ரயில். ரயில் சீக்கிரம் கிடைச்சா நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டு இடைவெளியை ஒண்ணரை மணி நேரமா சுருக்காதீங்க.

வெரோனா, மிலன் வழியில இந்தப் பயம் கம்மி. இத்தாலி உள்ளூர் ரயில்களுக்கு விலை எப்பவும் ஒண்ணுதான், முன்பதிவு தேவையில்ல, இறங்கினதும் வாங்கலாம். மிலன் சென்ட்ரல்ல இருந்து வெரோனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அங்க மாறி போல்சானோ பக்கம் இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. மெதுவாதான் போகும், ஆனா நிம்மதியா போகலாம். பேப்பர் டிக்கெட் வாங்கினா பிளாட்ஃபார்ம்ல இருக்குற சின்ன மெஷின்ல முத்திரை குத்திட்டுத்தான் ஏறணும், ஆப்ல வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி ஆன்லைன் செக்கின் பண்ணணும்.

இத்தாலியில ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. முன்னாடியே அறிவிச்சுடுவாங்க. வேலை நாள்ல காலை 6ல இருந்து 9, சாயங்காலம் 6ல இருந்து 9 வரைக்கும் அத்தியாவசிய உள்ளூர் ரயில் ஓடியே ஆகணும், அந்த நேரத்தைப் புடிங்க.

ஜெர்மனியில படிக்கற, வேலை செய்யற தம்பி தங்கச்சிங்களுக்கு: உங்க ஜெர்மனி டிக்கெட் (டாய்ச்லாண்ட் டிக்கெட்ங்கற மாசப் பாஸ்) உள்ளூர் ரயில்ல குஃப்ஸ்டைன் வரைக்கும் செல்லும். அங்க இருந்து பிரென்னர் வரைக்கும் மட்டும் ஆஸ்திரிய டிக்கெட் எடுத்துட்டு, பிரென்னர்ல இருந்து கெஸ்ட் பாஸ்ல போயிடலாம். திரும்பி வரும்போது எல்லையில போலீஸ் ஏறி பாஸ்போர்ட் கேப்பாங்க, ரெசிடென்ஸ் பெர்மிட்டோட சேத்து கையிலயே வைங்க.

5. பாஸை சரியா யூஸ் பண்றது

பாஸ் ஃப்ரீதானேன்னு நேரா போய் சீட்ல உக்காந்துடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் பண்ணணும். பஸ்ல ஏறின உடனே டிரைவர் பக்கத்துல மெஷின் இருக்கும், மொபைல்ல இருக்குற கியூஆரைக் காட்டினா பீப்னு சத்தம் வரும். ரயிலுக்கு அந்த மெஷின் ஸ்டேஷன்ல இருக்கும், வண்டிக்குள்ள கிடையாது, அதனால ஏறுறதுக்கு முன்னாடியே காட்டிடணும். வண்டிக்குள்ள செக்கர் வந்து கேக்கும்போது பாஸ் இருக்குன்னு சொன்னா போதாது, ஸ்கேன் ஆகலைன்னா ஃபைன்தான். மூணு பேர் போனா மூணு பாஸ், ஒவ்வொண்ணா காட்டுங்க. எல்லா பாஸையும் ஒரே மொபைல்ல வச்சுக்கிட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு மொபைல்லயும் வைங்க, மலை மேல சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

பாஸ்ல வர்றது: மாகாணத்துக்குள்ள வழக்கமான பஸ், பிரென்னர்ல இருந்து தெற்க ட்ரென்டோ வரைக்கும் உள்ளூர் ரயில், போல்சானோ பக்கத்துல ரிட்டன் (Ritten) மலைக்குப் போற கேபிள் காரும் மேல ஓடுற குட்டி ரயிலும், மெண்டெல் மலை ரயில், இன்னும் ரெண்டு மூணு சின்ன கேபிள் கார். வராதது: யூரோசிட்டி மாதிரி வேக ரயில், சைஸர் ஆல்ம், செசேடா மாதிரி மலைங்களுக்குப் போற தனியார் கேபிள் கார். செசேடா போய் வர ஆளுக்கு 40 யூரோவுக்கு மேல, மூணு பேருன்னா யோசிச்சு முடிவெடுங்க.

நேரம் பாக்கறதுக்கு சுட்டிரோல் மொபில்ங்கற ஆப்பை இறக்கிக்கோங்க, கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீங்க. லைன் வேலை நடக்கற நாள்ல ரயிலுக்கு பதிலா பஸ் விடுவாங்க, அதெல்லாம் அந்த ஆப்லதான் சரியா தெரியும். காலையில கிளம்பறதுக்கு முன்னாடியே திரும்பி வர்ற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்து எழுதி வைங்க. பள்ளத்தாக்கு ஊருங்கள்ல சாயங்காலமே கடைசி பஸ் போயிடும், டாக்ஸி பிடிச்சா ஒரு நாள் சாப்பாட்டுக் காசு காலி.

6. ஏழு நாளை எப்படி பிரிக்கலாம்

தேதி போட்டு பூட்டிடாதீங்க. வெயில் நாளுக்கு எது, மழை நாளுக்கு எதுன்னு ரெண்டு லிஸ்ட் வச்சுக்கிட்டு முந்தின ராத்திரி வானிலை பாத்து முடிவெடுங்க.

ஆரம்பத்துல ரிட்டன் மலைக்குப் போங்க. போல்சானோ ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம் நடந்தா கேபிள் கார், சில நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும், 12 நிமிஷத்துல 1,221 மீட்டர்ல இருக்குற ஓபர்போட்சன்ல இறக்கி விடும். கீழ திராட்சைத் தோட்டம் படிப்படியா தெரியும், மேல போகப் போக எதிர்ல டோலமைட் வரிசை ஒவ்வொண்ணா எழும்பி வரும். அங்க இருந்து குட்டி ரயில் க்ளோபன்ஸ்டைன் வரைக்கும் ஓடுது, கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. திரும்பி வரும்போது காட்டுக்குள்ள ஃப்ராய்ட் நடைபாதையில ஒண்ணரை மணி நேரம் நடக்கலாம், பெரிய ஏத்த இறக்கம் கிடையாது, அம்மா முட்டி வலியோடயே நடந்தாங்க, நடுவுல பெஞ்சு நிறைய இருக்கு. க்ளோபன்ஸ்டைன் பக்கத்துல மண் தூண் மேல பாறைத் தொப்பி வச்ச மாதிரி நிக்கற இடத்தையும் விட்டுடாதீங்க. மொத்த நாளும் பாஸ்லயே முடிஞ்சது, மூணு பேருக்கும் ஒரு பைசா டிக்கெட் இல்ல.

ஃபில்னோஸ் பள்ளத்தாக்கு கட்டாயம். பிரிக்ஸன்ல இருந்து பஸ். படத்துல எல்லாம் பாக்கற, பின்னாடி கத்தி மாதிரி மலையும் முன்னாடி பச்சைப் புல்வெளியில சின்ன சர்ச்சும் இங்கதான் சாங்க்ட் மக்டலேனாவுல. ரானுயில இருக்குற சர்ச் பக்கத்துல போக தடுப்பு வச்சு சில்லறை வாங்கறாங்க, ரோட்டோர வியூபாயிண்ட்ல இருந்து பாத்தா காசு இல்ல, படமும் அங்க இருந்துதான் நல்லா வரும். நடக்க முடிஞ்சவங்க ட்ஸான்ஸர் ஆல்ம் வரைக்கும் பஸ்ல போய் அடோல்ஃப் முங்கல் பாதையில மலை அடிவாரமா நடங்க.

காசு குடுத்துப் போற மலை ஒண்ணே ஒண்ணுன்னா நான் சைஸர் ஆல்ம் சொல்வேன். 56 சதுர கிலோமீட்டர் புல்வெளி, 1,680 மீட்டருக்கு மேல, வயசானவங்க, பசங்க எல்லாரும் நடக்கலாம். போல்சானோல இருந்து 170 பஸ்ல சைஸ் போய் அங்க இருந்து கேபிள் கார். காலை 9ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் சுற்றுலாக் காரை மேல விட மாட்டாங்க, இங்க பஸ்ல வந்த நமக்குத்தான் சவுகரியம்.

ட்ரை ட்சினன் விஷயத்துல கவனமா இருங்க. டோப்ளாக்ல இருந்து அவுரோன்ட்ஸோ குடில் வரைக்கும் 444 ஷட்டில் போகுது, சீசன்ல ஆன்லைன் முன்பதிவு இல்லாம ஏற முடியாது, அதுக்கு தனிக் காசு. மலையைச் சுத்தி வர சுமார் 10 கிலோமீட்டர், நாலு மணி நேரம் ஒதுக்குங்க. பட்ஜெட் இடிச்சா இன்னொரு வழி இருக்கு: கொர்ட்டினா பக்கம் போற 445 பஸ்ல ட்ரைட்சினன்ப்ளிக் ஸ்டாப்ல இறங்குங்க. மூணு சிகரமும் பள்ளத்தாக்கு இடுக்கு வழியா நேர் எதிர்ல தெரியும். பக்கத்துலயே ட்யூரன் ஏரி, கரையோரமா உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடலாம்.

பிராக்ஸர் வில்ட்ஸே ஏரியும் இதே மாதிரிதான், ஜூலை ரெண்டாவது வாரத்துல இருந்து செப்டம்பர் ரெண்டாவது வாரம் வரைக்கும் பகல்ல போக்குவரத்துக் கட்டுப்பாடு, பஸ்ஸுக்கும் முன்பதிவு. விடியற்காலையில போக முடியலைன்னா இதை விட்டுட்டு காரர்ஸே ஏரிக்குப் போங்க, போல்சானோல இருந்து 180 பஸ் வாசல்லயே நிக்கும். ஏரி சின்னதுதான், சுத்தி வர அரை மணி நேரம் கூட ஆகாது, ஆனா அந்தத் தண்ணியோட நிறத்துக்காகவே போகலாம்.

மழை நாளுக்கு மெரான், இல்லன்னா போல்சானோல ஓட்ஸி மியூசியம். 1991ல பனிக்குள்ள கிடைச்ச அஞ்சாயிரம் வருஷத்துக்கும் மேல பழசான மனுஷ உடலை அங்கதான் வச்சிருக்காங்க. பொதுவா திங்கக்கிழமை லீவு, பாத்துட்டுப் போங்க.

7. சாப்பாடு

பொடி, ஊறுகாய், பருப்பு, அரிசி கொண்டு போகலாம். ஆனா பால் பொருளும் மாமிசமும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போகத் தடை, நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் அதுல வரும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, செடி இலைக்கு சர்டிபிகேட் கேப்பாங்க, பொடியா அரைச்சு எடுத்துட்டுப் போங்க.

அங்க யூரோஸ்பின், லிடில், எம்ப்ரைஸ், டெஸ்பார் கடைங்கள்ல தயிர், பால், காய்கறி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை சின்ன ஊர்ல பல கடை மூடி இருக்கும், மத்தியானமும் சாத்திடுவாங்க, சனிக்கிழமை வந்து இறங்கினா முதல் வேலையா கடைக்குப் போங்க. தண்ணி பாட்டில் வாங்கவே வேணாம், குழாய்த் தண்ணியும் தெருவுல ஓடுற ஊத்துத் தண்ணியும் குடிக்கலாம்.

மலைக் குடில்ல ஒரு வேளையாவது சாப்பிடுங்க. கைஸர்ஷ்மார்ன்னு பிச்சுப் போட்ட இனிப்பு பான்கேக், ஒரு தட்டு ரெண்டு பேருக்குத் தாங்கும். சைவம் சாப்பிடறவங்க கவனிக்க: க்னோடல் (ரொட்டி உருண்டை) சூப்புன்னு இருந்தா அது பெரும்பாலும் மாட்டு எலும்பு ரசம், ஸ்பெக்னு இருந்தா பன்றி. கீரை க்னோடல் மட்டும் வெண்ணெய்ல, சூப் இல்லாமன்னு கேளுங்க, அதுலயும் ஸ்பெக் தூவாம கேளுங்க. கீரையும் சீஸும் வச்ச ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன் பொதுவா சைவம்தான். முட்டையும் சாப்பிடாதவங்களுக்கு இதெல்லாம் கஷ்டம், அவங்க கட்டுச்சோத்தை நம்பறதுதான் நல்லது. பில்ல ஆளுக்கு ரெண்டு யூரோ போல கொப்பெர்த்தோன்னு (மேசைக் கட்டணம்) சேத்திருந்தா சண்டை போடாதீங்க, இத்தாலியில அது வழக்கம்.

8. மொத்தம் எவ்வளவு ஆகும்

ஃபிளைட்டை விட்டுட்டு ஒரு ஆளுக்கு, ரூமை ரெண்டு பேர் பகிர்ந்துக்கறதா வச்சு, செப்டம்பர் கணக்கு தோராயமா: ரூம்ல ஒரு ஆள் பங்கு ராத்திரிக்கு 50 யூரோ வீதம் ஏழு ராத்திரிக்கு 350. சாப்பாடு காலையும் ராத்திரியும் சமைச்சு, ஒரு நாளைக்கு 20 யூரோன்னு 140. மியூனிக் ரயில் போக வர 80. காசு கட்டுற கேபிள் கார் ரெண்டு, சுமார் 80. ஆக 650 யூரோ. விசா, இன்ஷூரன்ஸ் தனி. இதுக்கு மேல ஊர் வரின்னு ஆளுக்கு ராத்திரிக்கு சில யூரோ வாங்குவாங்க, புக்கிங் சைட்ல காட்டுற விலையில அது பெரும்பாலும் இருக்காது, கிளம்பும்போது கையில கேப்பாங்க, அதையும் எடுத்து வைங்க.

9. இன்ஷூரன்ஸ், மழை, கிளம்பற நாள்

விசாவுக்கு எடுக்கற மலிவு பாலிசில பலதும் மலை நடையை சாகச விளையாட்டுன்னு சேத்து கவர் பண்ணாது, இல்ல உயர வரம்பு வச்சிருக்கும். ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற செலவு கவர் ஆகுமான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க, வித்தியாசம் சில நூறு ரூபாதான் இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல மத்தியானத்துக்கு மேல இடி மழை சட்டுன்னு வரும், காலையிலயே மேல ஏறி ரெண்டு மணிக்குள்ள இறங்கற மாதிரி பிளான் போடுங்க. அவசரத்துக்கு நம்பர் 112. கிரிப் உள்ள ஷூ, மழை கோட்டு, ஒரு ஸ்வெட்டர் பையில எப்பவும் இருக்கட்டும், கீழ 30 டிகிரி வெயில் அடிச்சாலும் சரி.

கிளம்பற நாள் அன்னைக்கும் பாஸ் செல்லும். காலையில செக்கவுட் பண்ணிட்டு பெட்டியை வீட்டுக்காரங்க கிட்டயே விட்டு வைக்கக் கேளுங்க, முக்காவாசி பேர் ஒத்துக்குவாங்க, மத்தியானம் வரைக்கும் பக்கத்துல சுத்தலாம். ஆனா அன்னைக்கே ஃபிளைட்னா இது வேணாம், திரும்பிப் போற ரயிலும் லேட்டாகும், எல்லையில நின்னு செக்கிங் நடக்கும். ஃபிளைட் நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னாடி மியூனிக் ஈஸ்ட் வந்து சேர்ற ரயிலை எடுங்க, காலை ஃபிளைட்னா முந்தின ராத்திரியே மியூனிக் போயிடுங்க, அந்த ஒரு ராத்திரி ஹாஸ்டல் காசையும் ஆரம்பத்துலயே பட்ஜெட்ல சேத்துடுங்க.